சிப் வாங்குமுன் ஒரு சிறு கணக்கு

நம் சங்க அன்பர்கள் பலர் விடுமுறைக்குக் கோவாவுக்கும் காங்டாக்குக்கும் போய் வருகிறார்கள். காசினோவை எட்டிப் பார்க்கும் ஆசை இளைஞர்களுக்கு வருவது இயல்பு. கல்கத்தாவில் அதற்கு வழியில்லை. 1957ஆம் ஆண்டின் மேற்கு வங்கச் சூதாட்டச் சட்டம் ரம்மி, பிரிட்ஜ், போக்கர் முதலிய சீட்டாட்டங்களை விலக்கி வைத்ததோடு சரி. கோவாவில் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்னர் திருத்தியும், சிக்கிமில் 2002இல் தனிச் சட்டம் இயற்றியும் அனுமதித்தார்கள்.

ஓய்வு பெற்றபின் மாப்பிள்ளையோடு மாண்டவி ஆற்றுக் கப்பல் ஒன்றில் ஒரு மாலை நின்று பார்த்தேன். (ஆடியவர் அவர், கணக்குப் போட்டவன் நான்.) முதல்முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எந்த மேசையிலும் குறைந்தபட்சப் பந்தயம் எவ்வளவு என்று பலகை இருக்கும். அதைப் படிக்காமல் உட்காரக் கூடாது. ஓர் ஆட்டம் முடியும்வரை பொறுத்திருந்து சேருவதே மரியாதை. சிப்பைச் சில இடங்களில் கவுண்ட்டரிலும் சில இடங்களில் மேசையிலும் வாங்கலாம். மேசையில் வாங்கினால் பணத்தை ஆட்டம் நடத்துபவர் கையில் நீட்டாமல் மேசைமேல் வையுங்கள். மேலே உள்ள காமிராவுக்குத் தெரியும்படி அவர் பரப்பி எண்ணிவிட்டுச் சிப் தருவார். நுழைவுக் கட்டணத்தோடு வரும் இலவசச் சிப் பெரும்பாலும் ஆடுவதற்கு மட்டுமே, காசாகாது.

ரூலெட் மேசையில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். அந்தச் சிப் அந்த மேசைக்கு மட்டுமே செல்லும். ஒற்றைத் தடத்தில் எங்கள் டிரைவர்கள் வாங்கிச் செல்லும் டோக்கனும் இப்படித்தான்: ஒரு செக்‌ஷனின் டோக்கன் அடுத்த செக்‌ஷனுக்கு உதவாது.

இனிக் கணக்கு. ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள். எல்லா எண்ணிலும் நூறு ரூபாய் வைத்தால் செலவு 3,700. ஜெயித்த எண்ணுக்கு ஒன்றுக்கு 35 மடங்கும், வைத்த நூறும் சேர்த்துத் திரும்புவது 3,600. ஆக நூற்றுக்கு சுமார் 2.7 வீட்டுக்காரனுக்கு. இரண்டு பூஜ்யமுள்ள அமெரிக்கச் சக்கரமானால் 5.26.

இந்த 2.7 நீங்கள் கொண்டுபோன பணத்துக்கல்ல, வைத்த மொத்தப் பந்தயத்துக்கு. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வண்டிச் சக்கரம் ஓடிய கிலோமீட்டருக்குத்தானே தேயும்! நூறு நூறாக நாற்பது சுற்று ஆடினால் பந்தயம் 4,000. சராசரி நஷ்டம் 108 ரூபாய். ஐந்நூறு ஐந்நூறாக அதே நாற்பது சுற்றுக்கு 540. சராசரி என்றுதான் சொன்னேன். ஒரே இரவில் இதைவிட எவ்வளவோ கூடவும் போகலாம், கையில் நிற்கவும் செய்யலாம். முன்பு வந்த எண்களை எழுதிவைத்து அடுத்ததைக் கணிப்பவர்களையும் பார்த்தேன். சக்கரத்துக்கு ஞாபகசக்தி கிடையாது, ஐயா.

மாப்பிள்ளை இரண்டாயிரம் ரூபாயை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஏ.டி.எம். கார்டை ஓட்டல் அறையில் என் மகளிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். எழுந்திருக்கும்போது நிறச் சிப்புகளை அந்த மேசையிலேயே கொடுத்து மதிப்பு அச்சிட்ட சிப்பாக மாற்றி, பிறகு காசாளரிடம் போகவேண்டும். மறந்து வெளியே வந்துவிட்டால் காசாளர் அதை வாங்கமாட்டார்.