விமானத்தின் மூக்கு தூக்குமா, இறங்குமா?

டைனமிக்ஸ் ஆஃப் மெஷின்ஸ் பேப்பரில் இந்தக் கணக்கைப் பார்த்திருப்பீங்க. விமானம் இடப்பக்கம் திரும்புகிறது. பின்னாலிருந்து பார்த்தால் எஞ்சின் கடிகாரச் சுற்றில் சுழல்கிறது. ஜைரோஸ்கோப்பிக் கப்பிள் எவ்வளவு? விளைவு என்ன? ஃபார்முலாவில் போட்டு, கடைசி வரியில் "மூக்கு தூக்கும்" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். தப்பா எழுதினா ஒரு மார்க் போகும், அவ்வளவுதான்.

அந்தக் கடைசி வரியைத் தெரிந்துகொள்ள உயிரையே பணயம் வைத்த பசங்களைப் பற்றிப் படிக்கணும்னா, பிகிள்ஸ் கதைகளை எடுங்க.

யார் இந்த பிகிள்ஸ்?

ஆங்கில எழுத்தாளர் டபிள்யூ. இ. ஜான்ஸ் இளம் வாசகர்களுக்காகப் படைத்த விமானி. முதல் தொகுப்பு 'த கேமல்ஸ் ஆர் கமிங்' 1932-இல் வந்தது. 1935-இல் வந்த 'பிகிள்ஸ் லேர்ன்ஸ் டு ஃப்ளை'யில் அவனுக்கு வயது 17. சில மணி நேரப் பயிற்சியோடு பிரான்சுப் போர்முனைக்கு அனுப்பப்படுகிறான். ஜான்ஸ் இதைக் கேள்விப்பட்டு எழுதவில்லை. முதல் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டி, 1918 செப்டம்பரில் சுட்டு வீழ்த்தப்பட்டு, ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தவர்.

கேமலின் குணம்

பிகிள்ஸின் புகழ்பெற்ற விமானம் சாப்வித் கேமல். இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளை மூடிய தகடு திமில் மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். 1917-இல் போர்முனைக்கு வந்தது.

நம்ம பைக்கில் சிலிண்டர் நிலையாக இருக்கும், கிராங்க்‌ஷாஃப்ட் சுற்றும். கேமலின் ரோட்டரி எஞ்சினில் தலைகீழ்: கிராங்க்‌ஷாஃப்ட் விமானத்தோடு இறுக்கப்பட்டிருக்கும், ஒன்பது சிலிண்டர்களும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். சுற்றும்போதே காற்றில் குளிர்ந்துவிடும். ரேடியேட்டர் வேண்டாம், எடையும் குறைவு. உயவுக்கு, பெட்ரோலில் எளிதில் கரையாத ஆமணக்கெண்ணெய். நம்ம விளக்கெண்ணெய்தாங்க! எரியாத மிச்சம் விமானியின் முகத்தில்தான் தெறிக்கும்.

இதற்கெல்லாம் விலை? மூக்கில் ஒரு கனமான ஜைரோஸ்கோப். இடப்பக்கம் திருப்பினால் மூக்கு தூக்கும், வலப்பக்கம் திருப்பினால் இறங்கும். எஞ்சின், துப்பாக்கி, விமானி, பெட்ரோல் டேங்க் எல்லாம் முன்பக்கம் நெருக்கமாக இருந்ததால் விமானம் சட்டென்று திரும்பும். தேர்ந்தவனுக்கு வலப்பக்கத் திருப்பம் எதிரியை ஏமாற்றும் ஆயுதம். புதியவனுக்கு? தரையிலிருந்து எழும்பிய உடனே வலப்பக்கம் திருப்புவான். மூக்கு சரியும், விமானம் சுழன்றபடி விழும். மீட்க உயரம் இருக்காது. பிரிட்டிஷ் போர் விமானிகளுக்கு அப்போது பாராசூட்டும் கிடையாது. பயிற்சியிலேயே பலர் இறந்தார்கள். கேமலோ ஒற்றை இருக்கை விமானம். சொல்லிக்கொடுக்கக் கூட யாரும் ஏற முடியாது. இரட்டை இருக்கைப் பயிற்சிக் கேமல்கள் பிறகுதான் வந்தன.

எப்படிப் படிக்கலாம்?

கதைகளில் பேரரசுக் காலத்துப் பார்வை உண்டு. அதைக் கேள்வி கேட்டுக்கிட்டே படிங்க. விமானம் திரும்பும் இடம் வந்தால் நிறுத்துங்க. வலக்கைக் கட்டைவிரலை முன்னால் நீட்டி, மற்ற விரல்களை மடக்குங்க. விரல்கள் மடங்கும் திசைதான் எஞ்சின் சுழலும் திசை. மூக்கு எங்கே போகும்னு நீங்களே சொல்லிட்டு, அப்புறம் பக்கத்தைத் திருப்புங்க.

அடுத்த செமஸ்டரில் அந்தக் கடைசி வரியை எழுதும்போது, அதை நடுவானில் கண்டுபிடிக்க வேண்டியிருந்த 17 வயசுப் பையன் கண்டிப்பா நினைவுக்கு வருவான்.