நாரதரும் அழுதிருக்கிறார்

அன்புள்ள தேன்மொழிக்கு, பெரியப்பாவின் ஆசிகள்.

"படிப்பும் வேலையும் இருக்கும்போது உனக்கு என்னம்மா குறை?" என்று ஆளாளுக்குக் கேட்பதாக எழுதியிருந்தாய். அந்தக் கேள்விக்கு இனி நீ பதில் தேட வேண்டாம். குறை இருந்தால்தான் துயரம் வரும் என்று யார் சொன்னது?

சாந்தோக்கிய உபநிடதத்தின் ஏழாம் அத்தியாயத்தில் நாரதர் சனத்குமாரரிடம் பாடம் கேட்கப் போகிறார். இதுவரை கற்றதை முதலில் சொல் என்கிறார் குரு. நாலு வேதம், இதிகாச புராணம், கணிதம், தர்க்கம், வான சாஸ்திரம் என்று நாரதர் அடுக்குகிறார். எல்லாம் சொல்லிவிட்டு, இவ்வளவு கற்றும் துயரப்படுகிறேன், என்னைக் கரையேற்றுங்கள் என்கிறார். கதைகளில் வரும் கலக நாரதரைவிட எனக்கு இந்த நாரதரைத்தான் பிடிக்கும். பெரிய படிப்பாளி அவர்; மனசு வலிக்கிறது என்று சொல்ல அவருக்குக் கூச்சமே இல்லை.

சனத்குமாரர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நீ கற்றதெல்லாம் வெறும் பெயர் என்கிறார். அதைவிடப் பெரியது? வாக்கு. அதைவிட? மனம். கேள்வி படிப்படியாக ஏறுகிறது. அதில் ஒரு இடத்தை நீ கவனிக்க வேண்டும். அறிவைவிட பலம் பெரிது, பலத்தைவிட அன்னம் பெரிது. பத்து நாள் பட்டினி கிடந்தவனால் பார்க்கவும் கேட்கவும் நினைக்கவும் முடியாது என்கிறது உபநிடதம். ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டேன், தூக்கமும் இல்லை என்கிறாயே, அதை முதலில் சரிசெய். டாக்டரைப் பார்க்கவும் தயங்காதே. உடம்பை வாடவிட்டு ஞானம் தேடச் சொல்லும் மரபு இல்லை இது.

பிராணன் வரை ஏறியதும் நாரதர் கேட்பதை நிறுத்திவிடுகிறார். குரு விடவில்லை. தாமே மேலே கூட்டிப்போய், அற்பமானதில் சுகமில்லை, எல்லையற்றதே சுகம் என்று காட்டுகிறார். சம்பளம் உயர்ந்தபோது வந்த சந்தோஷம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை என்று நீ எழுதியது இதைத்தான். அது உன் நன்றிகெட்டத்தனம் இல்லையம்மா. உன் மனசு அந்த அளவில் அடங்காது, அவ்வளவுதான்.

வேலையை விடலாமா என்று கேட்டிருந்தாய். இப்போது விடாதே. களைத்த மனசு எடுக்கும் முடிவை நான் நம்புவதில்லை. மனம்விட்டுப் பேச அங்கே ஒருவரைத் தேடிக்கொள், வயதில் மூத்தவராக இருந்தால் நல்லது. கிடைக்கும்வரை எனக்கு எழுது. எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிப்பேன்.

அன்புடன்,
பெரியப்பா