நடிகன் ஒரு இயந்திரமா?



நடிப்பு என்றதும் நமக்கு முகம்தான் ஞாபகத்துக்கு வரும். கண்ணீர், கோபம், வசனம்! கை கால் என்ன செய்கிறது என்று கவனிப்பவர் குறைவு. முதலில் உடம்பைப் பழக்க வேண்டும், உணர்ச்சி அதிலிருந்தே பிறக்கும் என்று பயிற்சி முறை வகுத்தவர் ரஷ்ய நாடக இயக்குநர் மெயர்ஹோல்ட் (1874–1940). 1920களில் மாஸ்கோவில் அவர் நடத்திய அந்தப் பயிற்சிக்குப் பெயர் பயோமெக்கானிக்ஸ். மெக்கானிக்ஸ் என்றால் நமக்குச் சொல்லவா வேண்டும்!

தொழிலாளியே ஆசான்

ஒர்க் ஸ்டடியில் நாம் படிக்கும் டெய்லரின் கருத்துகளை மெயர்ஹோல்ட் மேடைக்குக் கொண்டு போனார். கைதேர்ந்த தொழிலாளியிடம் அவர் கண்டவை நான்கு: வீண் அசைவு இல்லை, வேலையில் தாளம் உண்டு, உடம்பின் ஈர்ப்பு மையம் சரியான இடத்தில் இருக்கும், தடுமாற்றம் கிடையாது. இப்படிப்பட்ட வேலை நடனத்துக்குச் சமம் என்றார் அவர்.

கட்டட வேலையில் கீழே நிற்பவர் வீசும் செங்கல், சாரத்தில் நிற்பவர் கையில் போய் உட்காருவதைப் பாருங்கள். நம்மில் பலர் அந்த மாதிரி வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான். அப்பா என்ன வேலை என்று கேட்டால் மென்று விழுங்குகிறோம். அந்த வேலையின் அசைவைத்தான் ஒரு மேதை கலைக்கு இலக்கணமாக வைத்தார்!

ஒரு சமன்பாடு

ந = அ1 + அ2

‘ந’ என்பது நடிகன். அ1 திட்டம் போட்டு ஆணையிடுபவன். அ2 அதை நிறைவேற்றும் உடம்பு. டிசைனரும் மெஷினும் ஒரே ஆள்!

அசைவின் மூன்று படிகள்

1. மறுப்பு: செய்யப் போகும் திசைக்கு எதிர்த்திசையில் சிறு அசைவு. ஃபோர்ஜிங் ஷாப்பில் அடிக்கும் முன் சம்மட்டியை மேலே தூக்குகிறோமே, அதுதான். ஏதோ நடக்கப் போகுது என்று பார்ப்பவருக்கும் தெரிந்துவிடும்.

2. செயல்: அடி, வீச்சு, பாய்ச்சல்.

3. நிலை: செயல் முடிந்து உறுதியாக நிற்பது. அடுத்த அசைவு இங்கிருந்து கிளம்பும்.

இவற்றோடு பிரேக்கும் உண்டு. வேகத்தை அடக்கத் தெரியாதவன் எதிரே நிற்பவனை நிஜமாகவே அடித்துவிடுவான்! அம்பு எய்தல், கல் எறிதல், கன்னத்தில் அறைதல் என்று சிறு சிறு பாடங்களாக இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். கையில் வில்லே இருக்காது. ஆனால் நாண் இழுபடும் கனம் முதுகில் தெரிய வேண்டும்.

அழியாத பாடம்

1938-ல் மெயர்ஹோல்டின் நாடக அரங்கத்தை அரசு மூடியது. 1939-ல் கைது. பொய்யான உளவுக் குற்றம் சுமத்தி 1940 பிப்ரவரி 2 அன்று சுட்டுக் கொன்றார்கள். 1955-ல்தான் அவர் குற்றமற்றவர் என்று அறிவித்தார்கள். ஆனால் அவரிடம் பயின்ற நிகோலாய் குஸ்தோவின் உடம்பில் அந்தப் பாடங்கள் அப்படியே இருந்தன. 1970களில் அவர் அவற்றை இளம் நடிகர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்.

நாம் செய்யக்கூடியது

ஆண்டு விழா நாடகத்துக்கு வசனம் மனப்பாடம் செய்யும் முன், ஒரு வாரம் வாயைத் திறக்காமல் ஒத்திகை பாருங்கள். உள்ளங்கையில் கம்பை நிறுத்தி நடந்து பழகுங்கள். ஒவ்வொரு அசைவையும் மூன்றாகப் பிரித்து மெதுவாகச் செய்யுங்கள்.

நடிகன் இயந்திரமா? இயந்திரத்துக்கு அ2 மட்டும்தான் உண்டு. நமக்கு அ1-ம் இருக்கிறது. இரண்டையும் பழக்குவோம், மேடை நம் வசமாகும்!