மலைநாட்டு இல்லங்களும் தொலைக்காட்சி ஏரியலும்

குன்றின்மேலிட்ட விளக்கு எல்லார்க்கும் தோன்றும் என்பர். இடையில் வேறொரு குன்று நின்றாலோ? தொலைக்காட்சி அலைக்கும் இவ்வினா பொருந்தும்.

இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் தொடங்கியது. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் வந்தது. அதன் முதன்மை அலைபரப்பி 2,524 மீற்றர் உயர்ந்த பிதுருதலாகலை உச்சியில் அமைந்தது. அவ்வுச்சி பதுளைக்கு ஏறக்குறைய நேர்மேற்கிலும், பண்டாரவளைக்கு வடமேற்கிலும் உள்ளது. நமுனுகுல மலையின் கீழைச் சரிவில் வாழ்வார்க்கு அம்மலையே மறைப்பாம். ஆகவே, ஏரியலுக்குக் கோல்கள் எத்தனை என்று வினவுமுன், நம் வீட்டிற்கும் அலைபரப்பிக்கும் இடையே நிற்பது யாது என்று நோக்குதல் வேண்டும்.

கூரைகளிற் காணும் ஏரியல், யப்பானியராகிய யாகி, உடா என்பார் 1926இல் உலகிற்கு அறிவித்த அமைப்பாகும். அதில் அலையை ஏற்பது ஒரு கோலே. பின்னுள்ள நெடுங்கோல் அலையை அதன்பால் திருப்பும். முன்னுள்ள குறுங்கோல்கள் அலையை அதன்பாற் செலுத்தும். குறுங்கோல் முனையே அலைபரப்பியை நோக்கவேண்டும். ஏற்குங்கோல் அலைநீளத்திற் பாதியளவினது: 180 மெகாஹேட்ஸ் அலைக்கு ஏறக்குறைய 83 சென்ரிமீற்றர்; 600 மெகாஹேட்ஸ் அலைக்கு 25. ஆதலின் வி.எச்.எவ். அலைக்குரிய ஏரியல் யூ.எச்.எவ். அலைக்கு ஏற்றதன்று.

என் மாணவன் ஒருவனின் தந்தையார் தோட்டத் தொழிலாளி. பிள்ளை கல்வி நிகழ்ச்சிகளைக் காணவேண்டுமென்று, சீட்டுப் பணத்தில் பெரியதோர் ஏரியல் வாங்கி லயத்துக் கூரையில் நட்டார். திரையிற் புள்ளிமழையே பெய்தது. பின்னொருநாள் நீண்ட கம்பியுடன் அவரும் யானும் தேயிலைச் சரிவில் ஏறினோம். மாணவன் கீழிருந்து திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தான். மேற்குவானம் திறந்த ஓரிடத்திற் படம் தெளிந்தது. யூ.எச்.எவ். அலை, சாதாரண 75 ஓம் கம்பியில் ஏறக்குறைய இருபது மீற்றர் செல்வதற்குள் வலுவிற் பாதியை இழக்கும். ஆதலின், பெருக்கியை ஏரியலின் அருகிலேயே பொருத்தினோம். தொலைக்காட்சிப் பெட்டியருகே வைப்பின், மெலிந்த அலையோடு இரைச்சலும் பெருகும். அச்சிறுவனின் முகமலர்ச்சியை யான் மறந்திலேன்.

ஓர் எச்சரிக்கை. மின்கம்பிக்கு அருகே ஏரியற் கம்பத்தைத் தூக்கலாகாது. தப்பினால் உயிர் போகும். சித்திரை, ஐப்பசி மாதப் பிற்பகல்களில் இடி முழங்குமுன்னரே இணைப்பைக் கழற்றிவிடுக, முழங்கியபின் தொடற்க.

பழைய மாணவ அன்பர்காள்! ஏரியலுக்கு முன் ஒரு திசைகாட்டியைக் கையிலெடுங்கள். விடுமுறையில் தோட்டத்திற்குச் செல்லுங்கால், அண்டை வீட்டாருக்கும் மேற்கு எதுவெனக் காட்டுங்கள். பாடசாலையிற் கற்ற பௌதிகம் லயத்து வாயிலை அடையுமாயின், ஏழையின் சேமிப்பு வீண்போகாது.