இரண்டு பெயர் போட்ட வேலை



இந்த வாரம் விலை ஏற்ற இறக்கம் பற்றியோ, வங்கிக் கடன் பற்றியோ எழுதப்போவதில்லை. கடையில் ஒரு வேலையை யாருடைய பெயரில் ஒப்படைப்பது என்பதுபற்றி எழுதப்போகின்றேன். இதில் எழுத என்ன இருக்கின்றது என்று கேட்பீர்கள். திரும்பி வந்த ஒரு காசோலை எனக்குப் பாடம் படிப்பிக்கும் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் ஹாட்வெயார் வியாபாரம் இரண்டு ஊரில் நடக்கின்றது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இருந்து நாங்கள் வெளியேற்றப்பட்டபோது வாப்பா கடைச் சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். புத்தளத்தில் சிறிதாக ஒரு கடை போட்டோம். 2009இல் யுத்தம் முடிந்து, பாதை திறந்த பிறகு பழைய இடத்திலும் கடையைத் திறந்தோம். புத்தளத்தை விடவும் மனமில்லை, யாழ்ப்பாணத்தை விடவும் மனமில்லை. எங்கள் ஊரவர் பலருடைய நிலைமை இதுதான் என்பது உங்களுக்குத் தெரியும். புத்தளக் கடையை மருமகன் பார்க்கின்றார். யாழ்ப்பாணக் கடையை மகன் பார்க்கின்றான். நான் பாதி நாள் பஸ்ஸில் இருக்கின்றேன்.

இரண்டு கடைக்கும் நடுவில் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி வேலை மறந்துபோவதைப் பார்த்துவிட்டு, மகன் ஒரு மென்பொருளைக் கைத்தொலைபேசியில் போட்டுத் தந்தான். பெரிய கம்பனிகள் பாவிக்கும் வகையைச் சேர்ந்ததுதான். செய்யவேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. அதில் வேலையின் விபரம், முடிக்கவேண்டிய திகதி, செய்கின்றவரின் பெயர். முடித்தவர் அதில் சரி அடையாளம் போடவேண்டும். யார் யாரிடம் என்ன வேலை நிற்கின்றது என்பதை நான் பஸ்ஸில் இருந்தே பார்க்கலாம். நாங்கள் எடுத்த மென்பொருளில் ஓர் அட்டைக்கு எத்தனை பேரையும் போடலாம். நல்ல வசதி என்றுதான் நானும் சந்தோஷப்பட்டேன்.

மூன்று வருடங்களுக்கு முன்னர், கொழும்பில் நாங்கள் கம்பி எடுக்கும் மொத்த வியாபாரிக்குத் திகதி போட்டுக் கொடுத்த காசோலை ஒன்று இருந்தது. நாலே முக்கால் இலட்சம் ரூபா. அது வங்கிக்குப் போகும் நாளைக்கு முன் நடைமுறைக் கணக்கில் காசு நிற்கவேண்டும். பணம் இரண்டு கடையிலும் சேர்கின்றது, எந்தக் கிளையிலும் கட்டலாம். ஆகவே "வெள்ளிக்கிழமைக்கு முன் கணக்குக்குக் காசு கட்டவும்" என்று அட்டை எழுதி, மகன், மருமகன் இருவரையும் அதில் போட்டேன்.

இருவரும் அட்டையைப் பார்த்தார்கள். மகன் பெருவிரல் அடையாளம் ஒன்றைப் போட்டான். "கண்டேன்" என்பதற்காகப் போட்டானாம். மருமகன் அதைப் பார்த்து, "மச்சான் பொறுப்பெடுத்துவிட்டார்" என்று விளங்கிக்கொண்டார். வியாழன் போயிற்று. வெள்ளி ஜும்ஆவுக்குக் கடை பூட்டி, திறந்து, அந்த நாளும் போயிற்று. அடுத்த கிழமை கொழும்பில் இருந்து எனக்கு அழைப்பு வந்தது. "நானா, உங்கட செக் ரிட்டர்ன் ஆகியிருக்கு." அவ்வளவுதான் சொன்னார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும்.

மகனைக் கேட்டேன். "வாப்பா, அந்தக் கிழமை புத்தளத்திலதான் நல்ல வியாபாரம், மச்சான் கட்டுவார் எண்டு நினைச்சன்" என்றான். மருமகனைக் கேட்டேன். "மாமா, கணக்கு யாழ்ப்பாணக் கிளையில. மச்சான் அதில விரலும் போட்டிருந்தார். கட்டியிருப்பார் எண்டு இருந்திட்டன்" என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை, இருவரும் சோம்பேறிகளும் அல்ல. அதுதான் என் வயிற்றைக் கலக்கியது. ஒருவர் களவு செய்திருந்தால் அவரைப் பிடிக்கலாம். இங்கே பிடிக்க ஆளே இல்லை. கொழும்புக்காரர் பதினாறு வருடப் பழக்கம். அவரிடம் மறுபடி கடனுக்குச் சாமான் எடுக்க எட்டு மாதம் சென்றது. அந்த எட்டு மாதமும் காசைக் கையில் கொடுத்துத்தான் லொறி ஏற்றினோம்.

இந்தக் காரியத்தை மனோதத்துவ அறிஞர்கள் ஆராய்ந்திருக்கின்றார்கள். 1968இல் அமெரிக்காவில் டார்லி, லத்தானே என்ற இருவர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களைத் தனித்தனி அறைகளில் இருத்தி, இன்டர்கொம் வழியாகப் பேசவிட்டார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது மறுபக்கத்தில் ஒருவருக்கு வலிப்பு வந்தது போன்ற சத்தம் கேட்கும். அது நடிப்பு என்பது மாணவருக்குத் தெரியாது. அதைக் கேட்பது தான் ஒருவன் மாத்திரமே என்று நினைத்தவர்களில் நூற்றுக்கு 85 பேர், அந்தச் சத்தம் ஓய்வதற்குள் உதவி தேடி எழும்பினார்கள். தன்னைப் போல இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கின்றார்கள் என்று நினைத்தவர்களில் நூற்றுக்கு 31 பேர்தான் எழும்பினார்கள். எழும்பாதவர்கள் கல் நெஞ்சக்காரர் அல்ல, பதறிக்கொண்டுதான் இருந்தார்களாம். வேறு யாராவது போயிருப்பார்கள் என்ற எண்ணம் காலைக் கட்டியது. பலர் கூடினால் பாம்பு சாகாது என்று நம்மவர்கள் சொன்னதும் இதைத்தான்.

நமது மார்க்கச் சட்டத்தில் பர்ளு கிபாயா என்று ஒன்று உண்டு. ஜனாஸாவைக் குளிப்பாட்டுவது, தொழுவிப்பது, அடக்குவது எல்லாம் ஊரின் மீது கூட்டாக விழுந்த கடமை. சிலர் செய்தால் எல்லோருடைய பொறுப்பும் நீங்கும், ஒருவரும் செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளி. கூட்டுப் பொறுப்புக்கு இதைவிடத் தெளிவான சட்டம் வேறில்லை. ஆனாலும் மௌத்து நடந்த வீட்டில் என்ன செய்கின்றோம்? குளிப்பாட்ட இன்னார், கபன் வாங்க இன்னார், கப்று வெட்டுபவருக்கு அறிவிக்க இன்னார் என்று பெரியவர் ஒருவர் முற்றத்தில் நின்று பெயர் சொல்லி அனுப்புகின்றார். கடமை எல்லோருக்கும் பொது. கபன் துணி வாங்கக் கடைக்குப் போவது ஒருவர்.

சரி, மென்பொருளுக்கு வருவோம். இவற்றைச் செய்கின்ற கம்பனிகளுக்குள்ளேயே இந்த விடயத்தில் இரண்டு கட்சி இருக்கின்றது. அசானா என்ற மென்பொருளை ஆரம்பித்தவர்கள் பேஸ்புக்கில் வேலை செய்த டஸ்டின் மொஸ்கோவிட்ஸ், ஜஸ்டின் ரோசன்ஸ்டைன் ஆகிய இருவர். 2008இல் கம்பனி தொடங்கியது. அதில் ஒரு வேலைக்கு ஒரே ஒரு பொறுப்பாளியைத்தான் போடமுடியும். மற்றவர்களைக் கூட்டாளிகளாகச் சேர்க்கலாம், அவர்களுக்குச் செய்தி போகும், ஆனால் வேலை அவர்களுடையது அல்ல. இரண்டு பேருக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் அந்த வேலையை ஆளுக்கொரு பிரதியாக எடுத்துத் தனித்தனியே கொடுக்கின்றது. அவுஸ்திரேலியாவில் 2002இல் தொடங்கிய அட்லாசியன் கம்பனியின் ஜிராவிலும் பொறுப்பாளிக்கு உரிய இடம் ஒன்றுதான்.

2011இல் வெளிவந்த ட்ரெலோ மற்றக் கட்சி. ஓர் அட்டையில் எத்தனை முகத்தையும் ஒட்டலாம். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரோடு கிளம்பிய நம் மொழிக்காரரின் ஸோஹோ கம்பனியும், தன் புரொஜெக்ட்ஸ் மென்பொருளில் ஒரு வேலைக்குப் பல உரிமையாளர்களை அனுமதிக்கின்றது. மைக்ரோசொஃப்ட்டின் பிளானர் 2016இல் வந்தபோது ஒரு வேலைக்கு ஒருவர் என்றுதான் இருந்தது. பாவனையாளர்கள் கேட்டுக் கேட்டுப் பிறகு பலரைப் போட வழி விட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், ஜிராவை விற்கின்ற அட்லாசியன்தான் 2017இல் ட்ரெலோவையும் வாங்கியது. ஒரே முதலாளியின் இரண்டு கடையில் இரண்டு வழக்கம். அதிலிருந்தே தெரிகின்றது, இரண்டுக்கும் வாடிக்கையாளர் இருக்கின்றார்கள்.

ஆகவே பல பெயர் போடுவது எப்போதும் பிழை என்று நான் சொல்லவில்லை. இரண்டு பெயர் போட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்பதை அட்டை சொல்வதில்லை, அங்கேதான் சிக்கல். "காசு கட்டவும்" என்றால் இருவரில் ஒருவர் கட்டினால் போதும். "புதிய விலைப் பட்டியலை வாசிக்கவும்" என்றால் இருவரும் தனித்தனியே வாசிக்கவேண்டும். "ஸ்டொக் எண்ணவும்" என்றால் ஒருவர் எண்ண ஒருவர் எழுத, இருவரும் சேர்ந்து நிற்கவேண்டும். மூன்று அட்டையிலும் அதே இரண்டு பெயர்தான் இருக்கும். பிளானரில் ஒருவர் முடிந்தது என்று போட்டால் எல்லோருக்கும் முடிந்ததாகிவிடும். காசு கட்டும் வேலைக்கு அது சரி. விலைப் பட்டியலில் மோசம் போவோம், வாசிக்காதவரும் வாசித்தவர் ஆகிவிடுவார். அந்த இடத்தில் அசானாவின் ஆளுக்கொரு பிரதி நல்லது. ஸ்டொக் எண்ணுவதில்கூட, அன்றைக்கு இருவரையும் கூட்டிவந்து கொப்பியை முடித்து என் மேசையில் வைப்பது யார் என்று ஒருவரைக் குறிக்கவேண்டித்தான் இருக்கின்றது.

ஆப்பிள் கம்பனியில் ஸ்டீவ் ஜொப்ஸ் காலத்தில் கூட்டங்களுக்கு எழுதும் நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு விடயத்துக்கும் நேரே ஒரு பெயர் இருக்கும் என்று எழுதியிருக்கின்றார்கள். அவரை "நேரடிப் பொறுப்பாளி" என்று அழைப்பார்களாம். வேலையைச் செய்வது நூறு பேராக இருக்கலாம். எங்கே நிற்கின்றது என்று கேட்டால் பதில் சொல்லவேண்டியவர் அவர். இது பெரிய கம்பனிக்குத்தான் சரி, எனக்கு இருப்பதே ஏழு பேர் என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு நடந்தது இரண்டு பேரில்!

இனி உண்மையைச் சொல்லவேண்டும். நான் ஏன் இரண்டு பெயர் போட்டேன்? கிளை இரண்டு, வசதி என்று மேலே எழுதியிருக்கின்றேன். அது பாதி உண்மை. மகன் பெயரை மட்டும் போட்டால், காசு விடயத்தில் மாமா என்னை நம்பவில்லை என்று மருமகன் நினைப்பார். மருமகன் பெயரை மட்டும் போட்டால் மகன் முகம் சுருங்கும், வீட்டில் அவனுடைய உம்மா கேட்பார். இரண்டு பெயரும் போட்டால் இருவருக்கும் மரியாதை, எனக்கும் நிம்மதி. ஆக, அந்த இரண்டாவது பெயர் வேலைக்காகப் போட்டதல்ல. ஒருவரிடம் "இது உங்களுடையது" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லும் சங்கடத்தில் இருந்து நான் தப்பிக்கொள்வதற்காகப் போட்டது. ஒரு பெயருக்கு மட்டும் இடம் வைக்கின்ற மென்பொருள் அந்தச் சங்கடத்தை முதலாளியின் தலையிலேயே திருப்பிப் போடுகின்றது. காசோலை திரும்பியதற்குப் பிள்ளைகளில் யார் பொறுப்பு என்று கொழும்புக்காரர் பிறகு ஒரு நாள் கேட்டபோது, நான்தான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

இப்போது காசோலை வேலை முழுவதும் மருமகனுடையது. யாழ்ப்பாணக் கடையின் காசு எவ்வளவு, எப்போது கட்டுவது என்று மகனிடம் கேட்டு எடுப்பதும் அவர் வேலையே. மகன் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பவன் மட்டும். அதற்கு மாற்றாக, கம்பி, சீமெந்து கொள்வனவு முழுவதும் மகனுடையது, மருமகன் அதில் பார்வையாளர். இதை இருவரையும் ஒன்றாக இருத்திச் சொன்னேன். தொலைபேசியில் சொல்லவில்லை. ஒரு பிளேன்டி குடித்து முடிவதற்குள் பேசி முடிந்துவிட்டது. இதற்கா இவ்வளவு பயந்தேன் என்று இருந்தது.

ஒரு பெயரில் ஓர் ஆபத்து இருக்கின்றது, அதையும் மறைக்கக்கூடாது. அந்த ஒருவர் படுத்துவிட்டால் வேலையும் படுத்துவிடும். சென்ற வருடம் மருமகனுக்கு டெங்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மகனுக்கு அழைத்து, "இந்த மாதக் காசோலை மூன்றும் இனி உங்களுடையது, மச்சான்" என்று சொல்லி, அவர் சம்மதித்த பிறகு அட்டையில் பெயரை மாற்றினார். குணமாகி வந்த பிறகு திருப்பி எடுத்தார். இடையில் ஒரு நாள்கூட அட்டையில் இரண்டு பெயர் இருக்கவில்லை. பெருவிரல் அடையாளத்தையும் நாங்கள் நிறுத்திவிட்டோம். எடுத்தால் "எடுத்தேன்" என்று எழுதவேண்டும், கட்டினால் பற்றுச்சீட்டைப் படம் எடுத்து ஒட்டவேண்டும்.

போன மாதம் மகன் எனக்கும் ஓர் அட்டை போட்டிருந்தான். பழைய கடன் கொப்பியில் உள்ள கணக்குகளைக் கணனியில் ஏற்றவேண்டுமாம். என் பெயர் மட்டும் தனியே இருந்தது. உதவிக்குக் கடைப் பையனையும் அதில் சேர்க்கச் சொன்னேன். "பையன் உங்களுக்கு வாசிச்சுத் தருவான் வாப்பா, ஆனா அட்டை உங்கடதான்" என்றான். திகதி தாண்டிப் பதினொரு நாள். திறக்கும்போதெல்லாம் சிவப்பாக நிற்கின்றது.