உயிர் ஓர் அமானிதம்: உறுப்பு மாற்று சிகிச்சையும் மார்க்கமும்

 



சில வாரங்களுக்கு முன் ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகனுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. காட்டேரிக்குப்பத்திலிருந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய் வருகிறார். "ஹஜ்ரத், என் ரத்தம் அவனுக்குச் சேருதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அல்லாஹ் தந்த உடம்பை அறுத்துக் கொடுத்தா குத்தம்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. நான் கொடுக்கலாமா?" என்று கேட்டார். இந்தக் கேள்வி நாளை உங்கள் வீட்டிலும் எழலாம்.

முதலாவது, மருத்துவம் செய்வது தவக்குலுக்கு எதிரானதல்ல. மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் செய்யும்படியே ஏவினார்கள்; முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்து வைத்திருப்பதாகக் கூறினார்கள் (திர்மிதீ). ஓர் உயிரை வாழவைப்பவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவர் என்பதும் குர்ஆனின் போதனை (5:32).

இரண்டாவது, உடல் நம் சொத்தல்ல, அமானிதம். இதனால்தான் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) போன்ற பெரியவர்கள் உறுப்பு மாற்றைக் கூடாது என்றார்கள். அவர்களின் பேணுதலை நாம் மதிக்கிறோம். ஆனால் 1988-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிபந்தனைகளுடன் இதை அனுமதித்தது. கொடுப்பவர் முழு விருப்பத்துடன் கொடுக்க வேண்டும். அதனால் அவர் உயிருக்கு ஆபத்து வரக்கூடாது. இறந்தவரிடமிருந்து எடுப்பதாயின், அவர் உயிருடன் இருந்தபோது தந்த அனுமதியோ வாரிசுகளின் சம்மதமோ வேண்டும். உறுப்பை விற்பது அறவே கூடாது. நம் நாட்டின் 1994-ம் ஆண்டுச் சட்டமும் உறுப்பு வியாபாரத்தைக் குற்றமாக்கியிருக்கிறது.

சகோதரர்களே! 'முழு விருப்பம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். மனைவியையோ மருமகளையோ மிரட்டியும் அழுதும் சம்மதிக்க வைப்பது விருப்பமாகாது, அது அநியாயம்.

இந்தச் சிகிச்சையின் பலனை அறிய ஒரு சம்பவம் போதும். காஞ்சிபுரத்தைச் சேர்ந்த சஞ்சய் கந்தசாமி பிறவியிலேயே பித்தநாளக் குறைபாடு உள்ள குழந்தை. 1998 நவம்பரில், இரண்டு வயது நிறையும் முன், டெல்லி அப்போலோ மருத்துவமனையில் அவருடைய தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து அவருக்குப் பொருத்தினார்கள். இந்தியாவில் ஒரு குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று அதுதான். வெட்டிய கல்லீரல் மீண்டும் வளரும்படி படைத்த அல்லாஹ்வின் ஆற்றலைப் பாருங்கள்! அந்தக் குழந்தை இன்று ஒரு மருத்துவர். தந்தையின் தியாகம் வீண்போகவில்லை.

ஆனால் அறுவை முடிந்ததும் எல்லாம் முடிந்துவிடாது. புதிய உறுப்பை உடல் தள்ளிவிடாமல் இருக்க ஆயுள் முழுவதும் நேரம் தவறாமல் மருந்து சாப்பிட வேண்டும். நன்றாகிவிட்டோம் என்று மருந்தை நிறுத்துவது அமானிதத்தை வீணாக்குவதாகும். ரமளான் நோன்பையும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். நோயாளிக்குச் சலுகை தந்தவன் அல்லாஹ் (2:185). அதை ஏற்பதில் வெட்கம் வேண்டாம்.

அந்தத் தாயிடம் நான் சொன்னேன்: "அம்மா, உங்கள் உடலுக்குத் தீங்கில்லை என்று மருத்துவர்கள் உறுதி சொன்னால், அல்லாஹ்வுக்காக நிய்யத் வைத்துக் கொடுங்கள். பரிசோதனையில் பொருந்தாது என்று வந்தாலும், உங்கள் நிய்யத்திற்குக் கூலி உண்டு." இப்போது பரிசோதனைகள் நடந்து வருகின்றன.

நம் தெருவில் டயாலிசிஸுக்குப் போகிறவர் யார், அவரை அழைத்துப்போக ஆள் உண்டா என்று இந்த வாரம் விசாரியுங்கள். உறுப்பு கொடுக்க முடியாதவரும் ஒருநாள் கூடப் போகலாம்.

அல்லாஹ் அந்த மகனுக்கும், நோயுற்ற அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!