இழந்த கையேட்டை மீட்டும் பெறுமாறு

மனைக் கருவிகள் மல்கிய இந்நாளில், அவற்றோடு வரும் கையேட்டை நாம் பெட்டியுடன் எறிந்துவிடுகின்றோம். மிக்ஸியை இடைவிடாது எத்துணை நிமிடம் ஓட்டலாம், துணி துவைக்கும் இயந்திரம் காட்டும் பிழைக் குறிக்குப் பொருள் யாது என ஐயம் எழுங்காலன்றோ அதன் அருமை புலனாகின்றது! அதனை இணையத்தில் மீட்டும் பெறலாம். நெறியறிந்து தேடல் வேண்டும்.

முதற்கண் அறியற்பாலது மாடல் எண். கம்பெனியின் பெயர் மட்டும் போதாது; ஒரு பெயரிற் பல கருவிகள் உள. இவ்வெண் பெரும்பாலும் மிக்ஸியின் அடிப்புறத்தும், குளிர்பெட்டியின் உட்சுவரிலும், துவைக்கும் இயந்திரத்தின் கதவோரத்தும் காணப்படும். ஈற்றெழுத்தையும் விடாது எழுதிக்கொள்க.

அடுத்து, கருவியைச் செய்த கம்பெனியின் தளத்தை நாடுக. ஆண்டு பல கடந்த கருவியாயின், 1996-இல் தோன்றிய இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இலவச நூலகத்திலும் தேடுக. பணமோ, மென்பொருளை இறக்குமாறோ கேட்கும் தளங்களை விலக்குக.

கிடைத்ததை ஒத்துப்பார்த்தல் தலையாயது. நம் நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ட், அமெரிக்காவில் 120. ஆதலின் அந்நாட்டுக் கையேடு ஈண்டுப் பொருந்தாதொழியலாம். பொருந்தாக் கையேடு கையேடின்மையினும் தீது.

பொருந்தியதை அச்சிட்டுக் கருவியருகே வைத்தல் நன்று. நாளும் அதனை இயக்கும் அன்னையர்க்கன்றோ அது முதலிற் பயன்படல் வேண்டும்?